வன்னியில் அறிதுயில் அமர்வு: நீடித்த வலிக்கும் நித்திரையின்மைக்கும் படிப்படியான வழிகாட்டி

இது உளவளத்துணை படித்து, பிரதேச செயலகத்திலோ வைத்தியசாலை மனநலப் பிரிவிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை பார்ப்பவர்களுக்கானது. அறிதுயிலில் (ஹிப்னாசிஸ்) நேரடிப் பயிற்சி முடித்து, கேட்டுச் சரிபார்க்க ஒரு மேற்பார்வையாளரும் இருந்து, முதல் பத்துப் பதினைந்து அமர்வுகளைச் செய்யப்போகிறவர் பின்பற்ற வேண்டிய ஒழுங்கு இங்கே இருக்கிறது. பயிற்சி இல்லாதவர் இதை வாசித்த கையோடு வீட்டாரிலும் அயலாரிலும் செய்து பார்க்க வேண்டாம்.

எடுத்துக்கொள்வது இரண்டே பிரச்சினைகள். ஒன்று நீடித்த வலி: இழந்த காலில் இன்னும் வருகிற வலி, செல்துண்டு தங்கிய இடத்து நோவு, வருடக்கணக்கான நாரி வலி. மற்றது நித்திரை வராமை. வலியைத் தணிப்பதில் அறிதுயிலுக்கு நல்ல ஆய்வு ஆதாரம் உண்டு. நித்திரைக்கு அது ஒரு துணைமுறை. போர் நினைவுகள் திரும்பத் திரும்ப வந்து ஆளை உலுப்பும் மனவடுவுக்கு இதை முதல் சிகிச்சையாக எடுக்கக்கூடாது. அதற்கென்று சோதிக்கப்பட்ட வேறு முறைகள் இருக்கின்றன. அவற்றில் பயின்றவரிடம் அனுப்புங்கள்.

புதியவர்களின் பிழைகளில் பெரும்பகுதி ஆள் கண்ணை மூட முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. ஆகவே கண் மூட முந்திய படிகள்தான் இங்கே நீளமாக இருக்கும்.

1. யாரை எடுப்பது, யாரை மாற்றி அனுப்புவது

ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்பவரையும், தன்னை யாரோ இயக்குகிறார்கள் என்று உறுதியாக நம்புபவரையும் எடுக்காதீர்கள். உங்கள் குரலும் அந்தக் குரல்களோடு சேர்ந்துவிடும். அடிக்கடி தன்னை மறந்து போகிறவர், இடையில் மணித்தியாலக் கணக்கில் என்ன செய்தார் என்று தெரியாதவர், இவர்களுக்கும் முதலில் மனநல வைத்தியரின் மதிப்பீடு வேண்டும். ஏற்கனவே விலகிப் போகும் மனதை இன்னும் விலகப் பழக்குவது உதவாது.

சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. ஓம் என்றால் அறிதுயிலை ஒதுக்கி வைத்து, அன்றைக்கே மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவோடு தொடுத்துவிடுங்கள். இரவில் தேவைப்பட்டால் எடுக்க, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எழுதிக் கையில் கொடுங்கள்.

வலிப்பு உள்ளவர் என்றால் கிளினிக் வைத்தியரின் சம்மதம் தேவை. நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். அமர்வின் நடுவே சீனி இறங்கினால் அந்த மயக்கத்தை நீங்கள் ஆழ்ந்த நிலை என்று பிழையாக எடுப்பீர்கள். வெள்ளிக்கிழமை விரதக்காரருக்கும் இதே காரணத்துக்காக வேறு நாள் கொடுங்கள். குடித்துவிட்டு வந்தவரோடு அன்று சும்மா கதைத்து அனுப்புங்கள்.

2. வலியை வைத்தியர் பார்த்திருக்கிறாரா?

வலி ஒரு செய்தி. அது எதைச் சொல்கிறது என்று தெரியாமல் அதை மரக்க வைப்பது ஆபத்து. உடம்பில் செல்துண்டு உள்ளவர் "இப்ப கொஞ்ச நாளா நோவு கூட" என்றால் அந்த இடத்தில் வீக்கம், சூடு, சீழ், காய்ச்சல் உண்டா என்று கேளுங்கள். காலிழந்தவரின் மொழியில் (வெட்டிய காலின் மிச்ச முனையில்) புண் இருக்கிறதா, செயற்கைக் கால் பொருந்தாமல் உரசுகிறதா என்று கேளுங்கள். செயற்கைக் காலைத் திருத்தினால் போகும் வலிக்கு ஆறு அமர்வு செய்வது அவருடைய பஸ் காசை வீணாக்கும் வேலை.

கிளினிக் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லி, எந்தக் குளிசை எத்தனை வேளை என்று குறித்துக்கொள்ளுங்கள். அமர்வு பலன் தந்தால் பலர் தாங்களாகவே குளிசையை நிறுத்திவிடுவார்கள். முதல் நாளே, "குளிசையைக் குறைக்கிறது டொக்டரின்ர வேலை, எங்கட வேலை இல்லை" என்று சொல்லி வையுங்கள்.

3. அறை, நாள், நேரம்

கைதாங்கி உள்ள கதிரை ஒன்று. முதுகு சாய வேண்டும், இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படிய வேண்டும். காலிழந்தவருக்கு, அவர் விரும்பினால், செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு மொழியைத் தாங்க ஒரு வாங்கும் தலையணையும். படுக்க வைக்காதீர்கள். படுத்தவர் நித்திரையாகிவிடுவார், பெண்கள் பலருக்கு அந்நியர் முன்னே படுப்பதே பதற்றம்.

கதிரையை வாசலைப் பார்த்தபடி போடுங்கள். பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாத இடத்தில் இருந்துகொண்டு இந்த மண்ணில் யாரும் லேசில் கண்ணை மூடமாட்டார்கள். அறையை இருட்டாக்க வேண்டாம். கதவு அரைவாசி திறந்திருக்கட்டும். கூட வந்தவர் குரல் கேட்காத, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கட்டும். இது அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

சத்தத்தை முழுதாக நிறுத்த முடியாது. பாண் ஓட்டோ பாட்டோடு வரும், கோயில் ஒலிபெருக்கி தொடங்கும், கரண்ட் போய் விசிறி நிற்கும். இவற்றைச் சொல்லுக்குள் எடுத்துக்கொள்வதுதான் வழி: "பாண் ஓட்டோ போகுது... அது தன்ர பாட்டில போகட்டும்... நீங்கள் உங்கட மூச்சோட இருங்கோ." சத்தம் வந்ததும் நீங்கள் திடுக்கிட்டு நிறுத்தினால் அவரும் திடுக்கிடுவார். போன் இரண்டையும் நிறுத்துங்கள். அதிரும் நிலையில் வைத்தாலும் மேசை உறுமும்.

மே 18 (முள்ளிவாய்க்கால் நினைவு நாள்), நவம்பர் 27 (மாவீரர் நாள்) ஆகிய நாட்களை ஒட்டிய வாரங்களில் முதல் அமர்வை வைக்காதீர்கள். மனம் ஏற்கனவே அங்கே போயிருக்கும். தெரிந்தவர் என்றால் ஆறுதலாகக் கதைக்கலாம். புதிதாக ஒன்றைத் தொடங்குகிற நேரம் அதுவல்ல.

ஓர் அமர்வுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். அதில் கண் மூடிய நேரம் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். மிச்சம் முன்னும் பின்னும் கதைக்க வேண்டிய நேரம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள். பஸ்ஸை நினைத்துக்கொண்டு இருப்பவரின் உடம்பு இளகாது.

4. கண் மூட முன் நடக்கும் பேச்சு

முதல் அமர்வில் இந்தப் பேச்சு மட்டும் நடந்தாலும் போதும். அவசரப்பட்டு அன்றைக்கே கண்ணை மூடச் சொல்வதுதான் முதல் பெரிய பிழை.

"மனோவசியம்", "மெஸ்மரிசம்" என்ற சொற்களை நீங்கள் தொடங்கி வைக்காதீர்கள். வசியம் என்றதும் செய்வினை, மருந்து வைத்தல், ஆளைக் கட்டுதல் எல்லாம் கூடவே வரும். "அறிதுயில்" என்று சொல்லி, உடனே பழக்கமான ஒன்றைக் காட்டுங்கள்:

"பஸ்ஸில யன்னல் பக்கம் இருந்து போகேக்க, மாங்குளம் எப்ப தாண்டினது எண்டே தெரியாமல் யோசனையில இருந்திருப்பியள். ஆனா கண்டக்டர் கேட்டா டக்கெண்டு காசைக் குடுப்பியள். அந்த மாதிரி ஒரு நிலைதான் அம்மா இது. நித்திரை இல்லை, மயக்கமும் இல்லை. என்ர குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்."

பிறகு மூன்று விஷயங்களை விட்டுவிடாமல் சொல்லுங்கள். விரும்பாததைச் செய்ய வேண்டியதில்லை. எந்த நேரமும் கண்ணைத் திறக்கலாம். நான் எழும்பிப் போய்விட்டாலும் நீங்கள் அதில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்; கொஞ்ச நேரத்தில் தானாகக் கண் திறக்கும், அல்லது கண்ணயர்ந்து எழும்புவீர்கள். கடைசி விஷயத்தைக் கேட்க வெட்கப்பட்டு, அந்தப் பயத்தோடேயே இருப்பவர்கள் நிறைய. அவர் கேட்க முன்பே சொல்லிவிடுங்கள்.

கோயிலில் உரு வருவதோடு இதை ஒப்பிட்டுக் கேட்பார்கள். இல்லை என்று அடித்துச் சொல்லவும் வேண்டாம், அதுதான் இது என்று ஆமோதிக்கவும் வேண்டாம். "அங்க அம்மன்ர பேரில நடக்கிறது, இங்க உங்கட உடம்புக்கு ஒரு பயிற்சி" என்றால் போதும்.

தொடுவது பற்றி இங்கேயே பேசி முடியுங்கள். பயிற்சிகளில் தோளைத் தொட்டு ஆழப்படுத்தக் கற்றுத் தந்திருக்கலாம். இங்கே தொடாமலே செய்யுங்கள். தடுப்பிலும் விசாரணையிலும் இருந்து வந்த உடம்புக்கு, கண் மூடிய நேரத்தில் ஒரு கை படுவது என்ன என்பதை நீங்கள் முன்கூட்டி அறிய முடியாது.

கடைசியாக ஒரு நிறுத்தச் சைகை: வலது சுட்டுவிரலை உயர்த்தினால் நீங்கள் பேச்சை நிறுத்துவீர்கள். ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். ஆழ்ந்த நிலையில் வாய் திறந்து பேசுவது பாரமாக இருக்கும், விரல் லேசாக எழும்பும்.

5. "ஞாபகத்தை எடுத்துத் தாங்கோ" என்று கேட்டால்

காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் ஒருவர் வந்து, கடைசியாகப் பிள்ளையைக் கண்ட இடத்தையும், பஸ்ஸில் ஏற்றியவரின் முகத்தையும் அறிதுயிலில் வைத்து எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கக்கூடும். மறுப்பது கடினம், ஆனால் மறுக்கத்தான் வேண்டும்.

காரணம் நேரானது. அறிதுயிலில் ஞாபகம் துல்லியமாவதில்லை. ஞாபகத்தின் மேல் உள்ள நம்பிக்கைதான் கூடுகிறது. நீங்கள் கேட்கும் கேள்வியிலிருந்தே மனம் ஒரு காட்சியைக் கட்டும். அது பிறகு உண்மையாகக் கண்டதில் இருந்து பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். அந்தத் தாய் நாளைக்கு ஓர் ஆணைக்குழுவின் முன்னோ நீதிமன்றத்திலோ சாட்சி சொல்ல இருப்பவர். அவரிடம் இருக்கிற ஞாபகத்தை அப்படியே விட்டுவைப்பதுதான் அவருக்கு நீங்கள் செய்யும் உதவி.

"அம்மா, இதில வாறது உண்மையோ மனம் கட்டினதோ எண்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாமல் போயிடும். உங்களுக்கு இப்ப தெரிஞ்சதை யாரும் குழப்பக்கூடாது. நித்திரைக்கு வேணுமெண்டால் நான் உதவி செய்யிறன்" என்று சொல்லலாம். வாக்குமூலத்தை இன்னும் எழுதி வைக்கவில்லை என்றால், சட்ட உதவி செய்பவரிடம் போய் எழுதி வைக்கும்படி சொல்லுங்கள்.

6. மாங்காய்ச் சோதனை

கண்ணைத் திறந்தபடியே செய்யலாம், இரண்டு நிமிடம் போதும். "ஒரு பச்சை மாங்காய்... கத்தியால நீட்டுக்கு வெட்டுறியள்... உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டுறியள்... இப்ப ஒரு துண்டைப் பல்லில வைச்சுக் கடியுங்கோ." பெரும்பாலானவருக்கு வாய் ஊறும். ஊறியதும் சொல்லுங்கள்: "மாங்காய் இல்லை, ஆனா வாய் ஊறினது உண்மை. நினைக்கிறதுக்கு உடம்பு மறுமொழி சொல்லுது. இதைத்தான் நோவுக்குப் பாவிக்கப்போறம்."

நீண்ட விளக்கத்தைவிட இந்தச் சோதனைக்குப் பலன் அதிகம். அவருடைய போக்கும் உங்களுக்குத் தெரியவரும். ஒருவருக்கு வாய் ஊறாது, ஆனால் கத்தி பலகையில் படும் சத்தம் கேட்கும். இன்னொருவருக்கு மணம். எது முதலில் வந்தது என்று கேட்டுக் குறியுங்கள். காட்சி வராத ஒருவரிடம் "பாருங்கோ, பாருங்கோ" என்று அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பத்தில் ஒருவர் போல அறிதுயிலுக்கு மிகக் குறைவாகவே இசைவார். அது அவருடைய குற்றமில்லை, புத்திக் குறைவுமில்லை. அவருக்கு மூச்சுப் பயிற்சியும் தசை தளர்த்தலும் கற்றுக் கொடுங்கள்.

7. நல்ல இடத்தை அவரிடமே கேட்டு எழுதுங்கள்

பிற நாட்டுக் கையேடுகளில் கடற்கரை, காடு, படிக்கட்டு, பூந்தோட்டம் என்று ஆயத்தமான காட்சிகள் இருக்கும். அவற்றை மொழிபெயர்த்து வாசிப்பதுதான் இரண்டாவது பெரிய பிழை. "வெள்ளை மணல், அலைச் சத்தம்" என்று முல்லைத்தீவில் நீங்கள் தொடங்கினால் கேட்பவர் போகும் இடம் 2009 கடைசிச் சண்டையாக இருக்கலாம், 2004 சுனாமியாகவும் இருக்கலாம். காடு என்றால் இடம்பெயர்ந்து நடந்த இரவு. தறப்பாள், வரிசை, கம்பிவேலி எல்லாமே முகாம்.

கேள்வி இப்படி இருக்கட்டும்: "உடம்பு ஆறுதலா இருந்த ஒரு இடத்தைச் சொல்லுங்கோ. இப்ப உள்ள இடமாயும் இருக்கலாம், சின்ன வயசில போன இடமாயும் இருக்கலாம்." பதில் வந்ததும் விபரம் எடுங்கள். என்ன நேரம்? வெயில் எந்தப் பக்கம்? கால் என்னத்தில் படுகிறது? என்ன மணம்? யாராவது கூட இருக்கிறார்களா?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். கூட இருப்பவர் இறந்தவராகவோ காணாமல் போனவராகவோ இருந்தால் அந்த இடம் பாதி வழியில் துயரமாக மாறும். "ஆளில்லாத நேரமா ஒண்டு சொல்லுங்கோ" என்று வேறொன்றைக் கேளுங்கள். கிணற்றடி, வேப்பமர நிழல், மாட்டுப்பட்டி, வயல் வரம்பு, குளக்கட்டு என்று பெரும்பாலும் வீட்டு வளவுக்கும் தொழிலுக்கும் கிட்டிய இடங்களே வரும். அவர் சொன்ன சொல்லை அதே சொல்லாக எழுதி வையுங்கள். அவர் "துரவு" என்றால் நீங்கள் "கிணறு" என்று திருத்தாதீர்கள்.

நல்ல இடம் ஒன்றுமே இல்லை என்பவர்களும் உண்டு. வற்புறுத்தாமல் ஒரு பொருளை எடுங்கள்: சூடான பிளேன்ரீக் கோப்பை கையில் இருப்பது போதும்.

8. உள்ளே கொண்டு போதல்

பழகுநருக்கு இரண்டு வழி தெரிந்தால் போதும்: கண்ணை ஓரிடத்தில் நிறுத்துவது, மூச்சை எண்ணுவது.

சுவரில் கண்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு புள்ளியைக் காட்டுங்கள். தலையை உயர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். இமைத் தசை ஒன்றிரண்டு நிமிடத்தில் களைக்கும். களைப்பது இயல்பு, அதை நீங்கள் முந்திச் சொல்லும்போது சொன்னது நடக்கிறது என்ற நம்பிக்கை வருகிறது. "கண் களைக்குது... மூடோணும் போல இருந்தா மூடலாம்... திறந்து வைச்சிருக்க விருப்பமெண்டால் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருக்கலாம்." கண் மூடாமலும் அறிதுயில் வரும். மூடச் சொல்லி அதட்டினால் போய்விடும்.

அடுத்து மூச்சு. நாலு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே, பத்து மூச்சு. வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் இதயத் துடிப்பு தணியும். ஆழமாக இழு, ஆழமாக இழு என்று சொல்லிக்கொண்டிருந்தால் தலை சுற்றும், விரல் விறைக்கும்.

உங்கள் குரலைக் கனவுக்குரல் ஆக்க வேண்டாம். வழமையான பேச்சின் அரைவாசி வேகம் போதும். அவர் மூச்சு விடும் நேரத்தில் சொல்லைப் போடுங்கள், இழுக்கும்போது சும்மா இருங்கள். தாளைப் பார்த்து வாசிப்பவருக்கு இது கைகூடாது, ஏனென்றால் கண் தாளில் இருக்கும், நெஞ்சு ஏறி இறங்குவதைக் காணமாட்டார்.

எழுத்துத் தமிழில் பேசாதீர்கள். "தங்கள் தசைகள் தளர்வடைகின்றன" என்றால் றேடியோச் செய்தி. "தோள் இளகுது... தாடை இளகுது..." என்றால் உடம்புக்கு விளங்கும்.

9. ஆழப்படுத்தல்: படி இறக்க வேண்டாம்

பத்துப் படி கீழே இறங்குவது உலகம் முழுக்கப் பழக்கமான முறை. இங்கே கீழே இறங்குவது என்றால் பங்கர். படிவெட்டி, தலை குனிந்து, இருட்டுக்குள் இறங்கியதை உடம்பு மறக்கவில்லை. அதேபோல "உடம்பு பாரமாகுது, அசைக்க ஏலாது" என்ற வசனத்தையும் விட்டுவிடுங்கள். மண் மூடி மீட்கப்பட்டவர்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். யாரென்று உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாற்றாகச் சமதரையில் நடக்க விடுங்கள். "குளக்கட்டில மெதுவா நடக்கிறியள்... ஒவ்வொரு அடிக்கும் ஒரு எண்... ஒண்டு... காத்து முகத்தில படுது... ரெண்டு..." என்று பத்து வரை. காலிழந்தவருக்கு நடப்பதா, வண்டிலில் இருந்து போவதா என்று முதலே கேளுங்கள். சிலர் காலோடு நடப்பதை விரும்புவார்கள், சிலருக்கு அது வதை. பாரத்துக்குப் பதில் இளக்கம், லேசு, குளிர்மை என்ற சொற்களைப் பாவியுங்கள்.

ஆழம் வந்ததா என்று சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். முகத் தசை தட்டையாகும், விழுங்குவது குறையும், மூச்சு ஒரே சீராகும். நடுத்தர நிலையே வலி வேலைக்குப் போதும்.

10. வலிக்கான வசனங்கள்

கருத்தேற்றம், அதாவது மாற்றத்துக்காக நீங்கள் சொல்லும் வசனம், இந்த இருபது நிமிடத்தின் சாறு. மூன்று விதி. நடக்க வேண்டியதைச் சொல்லுங்கள், நடக்கக்கூடாததைச் சொல்லாதீர்கள்: "நோகாது" என்றால் மனம் முதலில் நோவைத்தான் எடுக்கும். முழுதாகப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்: ஏழில் இருப்பது ஐந்துக்கு வந்தால் அது வெற்றி, பூச்சியம் என்று சொல்லி ஐந்தில் நின்றால் அடுத்த கிழமை அவர் வரமாட்டார். எச்சரிக்கை ஒன்றை விட்டு வையுங்கள்: "புதுசா ஒரு நோவு வந்தா அது உங்களுக்குத் தெளிவாத் தெரியும்."

வலி எந்த மாதிரி என்பதற்கு எதிர்ச்சொல்லைத் தேடுங்கள். எரிவு என்றால் விடியக்காலைக் கிணற்றுத் தண்ணி. இறுக்கு என்றால் கயிறு ஒன்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்வது. கரண்ட் அடிப்பதுபோல என்றால் றேடியோவின் குமிழைத் திருப்பிக் குறைப்பது. எரிவுக்குக் கயிறும் இறுக்குக்குத் தண்ணியும் கொடுத்தால் ஒட்டாது.

இழந்த காலின் வலிக்கு இன்னும் கொஞ்சம் நுணுக்கம் வேண்டும். "அந்தக் கால் இப்ப இல்லைத்தானே" என்று ஆறுதல் சொல்லாதீர்கள். மூளையில் அந்தக் காலுக்கான வரைபடம் அப்படியே இருக்கிறது, வலி உண்மை. முதலில் கேளுங்கள்: அந்தக் கால் இப்போது எப்படி இருக்கிறது? மடங்கியா, முறுகியா? விரல்கள் எப்படி? பெரும்பாலும் விரல்கள் சுருண்டு இறுகி இருப்பதாகச் சொல்வார்கள். அறிதுயிலில் அதை ஒவ்வொன்றாக விரிக்க விடுங்கள்: "பெருவிரல்... மெல்லமா நிமிருது... அடுத்த விரல்... அவசரமில்லை..." ஐந்து விரலுக்கும் ஐந்து நிமிடம் எடுக்கலாம். பிறகு குதியை நிலத்தில் பதியுங்கள். கடைசியில் கிணற்றடித் தண்ணி அந்தப் பாதத்தின் மேல் ஓடட்டும். விரலை விரிக்க முன் தண்ணியை ஊற்ற வேண்டாம்.

11. நித்திரைக்கான வசனங்கள்

"நித்திரை வரும், வரும்" என்று கட்டளையிட்டால் ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு முழித்திருப்பார். உடம்பு ஓய்வெடுப்பதைச் சொல்லுங்கள், நித்திரை தன்பாட்டில் வரட்டும்.

ஒவ்வொரு இரவும் தவறாமல் செய்யும் ஒரு செயலோடு வசனத்தைக் கட்டிவிடுங்கள். நுளம்புவலை நல்ல தெரிவு: "வலையைப் பாய்க்குக் கீழ செருகி முடிச்சவுடன... ஒரு நீட்டு மூச்சு வெளிய போகுது... நாரி பாயில படிஞ்சு இளகுது." செயல் நடக்கும்போது வசனமும் கூடவே வரும்.

"ஒரு சத்தமும் கேக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். காட்டோரக் கிராமத்தில் யானை வந்தால் எழும்பத்தான் வேண்டும். அயலில் யானை வெடி போட்டால் செல் என்று நினைத்துப் பாய்ந்து எழும்புபவருக்கு இப்படிச் சொல்லுங்கள்: "சத்தம் கேட்டா காது பிரிச்சு எடுக்கும்... இது யானை வெடி... வேலை இருந்தா எழும்புவன், இல்லாட்டி மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பன்." காவலை முழுதாகப் பறிக்காமல் காவலுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தால் மனம் அதை ஏற்கும்.

12. வெளியே கொண்டு வருதல்

நேரம் போய்விட்டது என்று பழகுநர் அவசரத்தில் விடும் படி இதுதான். தலையிடி, கிறுதி, நாள் முழுக்க மந்தமாக இருந்தது என்ற முறைப்பாடுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன.

ஒன்றிலிருந்து ஐந்து வரை, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வேலை. ஒன்று: இடத்தை விட்டுத் திரும்பி வருவது, குளக்கட்டில் போனவர் அதே குளக்கட்டால். இரண்டு: கதிரை முதுகில் படுவது. மூன்று: கை விரல், கால் விரல் அசைவு. நாலு: ஒரு பெரிய மூச்சு, அறையின் சத்தங்கள். ஐந்து: கண். குரலையும் எண்ணோடு சேர்த்து வழமைக்கு உயர்த்துங்கள். கைதட்டி, விரல் சொடுக்கி எழுப்புவது மேடைக்காரர் வேலை.

கையை மரக்க வைத்திருந்தால் "கை இப்ப வழமை மாதிரி" என்று சொல்லி எடுத்துவிடுங்கள். கண் திறந்ததும் பெயர், நாள், எப்படிப் போகப்போகிறார் என்று சாதாரணமாகக் கேளுங்கள். ஒரு பிளேன்ரீ. இருபது நிமிடம் கழியாமல் மோட்டார் சைக்கிளில் ஏற விடாதீர்கள்.

வலி இலக்கத்தை முன்னும் பின்னும் பூச்சியத்திலிருந்து பத்து வரையில் கேட்டு எழுதுங்கள். "குறைஞ்சிட்டுதானே?" என்று கேட்டால் மரியாதைக்கு ஓம் என்பார். "இப்ப எத்தினை?" என்று மட்டும் கேளுங்கள்.

13. நடுவில் குழம்பினால்

கண்ணீர் அமைதியாக ஓடினால் பொறுங்கள். "அழுகை வருது... வரட்டும்... நான் இஞ்சதான் இருக்கிறன்." அழவேண்டாம் என்று தடுக்காதீர்கள், ஏன் என்றும் துருவாதீர்கள்.

மூச்சு அள்ளுகிறது, உடம்பு குனிந்து ஒதுங்குகிறது, கண் திறந்தும் உங்களைக் காணவில்லை என்றால் அவர் இப்போது வேறொரு இடத்தில் இருக்கிறார். எண்ணி எழுப்ப நேரமில்லை. உறுதியான, வழமையான குரலில்: "அக்கா, நான் இன்னார். இது கிளிநொச்சி. இண்டைக்குப் புதன்கிழமை. சண்டை முடிஞ்சு கனகாலம். காலை நிலத்தில ஊண்டுங்கோ. அந்த யன்னலைப் பாருங்கோ, என்ன நிறம்?" காண்பதில் ஐந்து, கேட்பதில் மூன்று சொல்ல வையுங்கள். தண்ணீர்க் கோப்பையைக் கையில் கொடுங்கள். அன்றைக்கு மீண்டும் கண் மூட வேண்டாம். கூட வந்தவரோடு அனுப்பி, மறுநாள் போன் எடுத்து விசாரியுங்கள். மேற்பார்வையாளரிடம் அன்றே சொல்லுங்கள்.

உடம்பு ஆடத் தொடங்கி உரு வந்ததுபோல் ஆனால் பயப்படவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆட்டத்தை மெதுவாக்கச் சொல்லி, அதே ஐந்து எண்ணில் கொண்டு வாருங்கள். கேள்வி கேட்டு வாக்குக் கேட்கும் வேலையில் கூட வந்தவர்கள் இறங்க முன் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

குறட்டை கேட்டால் நித்திரை. குரலைச் சற்று உயர்த்தி, ஒரு மூச்சு எடுக்கச் சொன்னால் திரும்பி வருவார்.

14. வீட்டுக்குக் கொடுத்து விடுவது

இரண்டாவது அமர்வு முடிய, அவருடைய போனிலேயே உங்கள் குரலைப் பதிவு செய்து கொடுங்கள். பத்து, பன்னிரண்டு நிமிடம். இரண்டு பதிவு தேவை. பகலில் கேட்பதற்கு முடிவில் ஒன்றிலிருந்து ஐந்து இருக்கும். இரவுப் பதிவில் அது இருக்கக்கூடாது, இருந்தால் நித்திரைக்குப் போனவரை நீங்களே எழுப்புவீர்கள். இரண்டுக்கும் பெயரிட்டு, எது எது என்று அவர் தடவிக் காட்டும்வரை விடாதீர்கள்.

பகலில் ஒன்று, படுக்கும்போது ஒன்று. அடுப்பு எரியும்போதும், சைக்கிள் ஓடும்போதும், நெல் காவலில் இருக்கும்போதும் கேட்கக்கூடாது. வட்ஸ்அப்பில் அயலவருக்கு அனுப்ப வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லுங்கள்: அவருக்குக் குளக்கட்டு நல்ல இடம், அடுத்த வீட்டாருக்கு அது பிள்ளை நீரில் மூழ்கிய இடமாக இருக்கலாம்.

ஒரு கொப்பியில் நாளுக்கு மூன்று இலக்கம்: காலை வலி, இரவு வலி, எத்தனை தரம் எழும்பினார். எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளை எழுதலாம், அல்லது புள்ளடி போடலாம்.

15. எத்தனை அமர்வு, எங்கே நிறுத்துவது

கிழமைக்கு ஒன்றாக நாலிலிருந்து ஆறு. மூன்றாவது முடிந்தும் இலக்கம் இரண்டு புள்ளிகூட இறங்கவில்லை என்றால் முதலில் வீட்டுப் பயிற்சி நடந்ததா என்று பாருங்கள், அடுத்து காட்சி அவருடையதா உங்களுடையதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் நிறுத்தி, "இந்த முறை உங்களுக்குப் பொருந்தேல்லை" என்று சொல்லி, கிளினிக் வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்.

இறங்கியிருந்தால் ஒவ்வோர் அமர்விலும் உங்கள் பேச்சைக் குறையுங்கள். ஐந்தாவதில் அவரே மூச்சை எண்ணி உள்ளே போய், அவரே ஐந்து எண்ணி வெளியே வர வேண்டும். நீங்கள் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். ஒரு மாதம் கழித்துக் கொப்பியோடு வரச் சொல்லுங்கள். அப்போது இலக்கத்துக்கு முன்பு, கிணற்றடிக்குத் தானே போகிறாரா, கடைக்கு நடக்கிறாரா, பகலில் எத்தனை மணித்தியாலம் செயற்கைக் காலைப் போட்டிருக்கிறார் என்று கேட்டு, அதே கொப்பியின் பின்பக்கத்தில் குறியுங்கள்.